காட்டுப்பன்னியின் காதும் என் கத்தியும்

1. வாங்க வராத கூட்டம்

காட்டுப்பன்னியைச் சுடலாம் என்று அரசாங்கம் சட்டத்தை மாற்றிவிட்டதாகச் சேதி வந்த ஞாயிற்றுக்கிழமை, என் கடையில் நிற்க இடமில்லை. ஒருத்தரும் கறி வாங்கவில்லை.

ஏரியூர் ரோட்டில் பல வருஷமாகப் பன்னிக்கறிக் கடை வைத்திருக்கிறேன். எல்லாம் பண்ணையில் வளர்ந்த வெள்ளைப்பன்னி. இதை நான் சொன்ன தடவைக்கு மந்திரம் சொல்லியிருந்தால் இந்நேரம் எனக்குச் சாமி வந்திருக்கும். காட்டை ஒட்டின ஊரில் இந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு வனத்துறை மேல் பயம் இருக்க வேண்டும். காட்டுப்பன்னிக் கறி ஒரு துண்டு கடையில் கிடைத்தாலும் கேஸ். கடைக்குப் பூட்டு. எனக்கு இதை விட்டால் வேறு தொழில் தெரியாது. வேறு தொழிலுக்கும் என்னைத் தெரியாது.

முதலில் வந்தவன் ஆட்டோ ஓட்டும் கோவிந்தன். வலை கட்டி முயல் பிடித்துப் பழகினவன்.

"ஆயா, ஒரு கிலோ காட்டுப்பன்னி போடுங்க."

"அதுக்கு நீ காட்டுக்குப் போவணும். இது கடை."

"சட்டம் வந்துருச்சு ஆயா. போன்ல வந்துருக்குது பாருங்க."

"போன்ல வந்துதுன்னா போன்லயே வறுத்துத் தின்னுக்க."

அடுத்து வந்தவர் மாதப்பன். செத்துப்போன என் வூட்டுக்காரருக்கு வேட்டைக் கூட்டாளி. என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். ஒரு காலத்தில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டால் கேஸ் இல்லை என்று போலீஸ்காரர்கள் ஊர் ஊராக மைக் கட்டிச் சொன்னபோது, கொண்டுபோய் ஸ்டேஷனில் வைத்துவிட்டு வந்தார். பெண்ணைக் கட்டிக் கொடுத்த வூட்டைப் பார்ப்பதுபோல அந்த ஸ்டேஷனை இன்றைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போவார். அன்றைக்குக் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

"அண்ணி, துப்பாக்கியத் திருப்பிக் கேக்கலாம்னு கெளம்பிட்டேன்."

"போங்க கொழுந்தனாரே. அப்பிடியே ஒரு மாத்துத்துணி எடுத்துக்கங்க. உள்ள உக்கார வெச்சாலும் வெப்பாங்க."

இந்தக் கூட்டத்தில் சிரிக்காமல் நின்றவள் கடலை விவசாயம் பண்ணுகிற சரோஜா ஒருத்தி. பன்னி பறித்துப் போட்ட கடலைச் செடிகளை ஒரு கைப்பிடி எடுத்து வந்திருந்தாள். போன வருஷம் அவள் கடலைக்காட்டில் அறுவடை முழுவதையும் பன்னிகளே முடித்துவிட்டன. "யாரு சுட்டா என்ன ஆயா. எங் கடலக்கா வூடு வந்து சேந்தாப் போதும்" என்றாள்.

2. கிலோமீட்டர் கணக்கு

கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே பாரஸ்டர் வருவார். எங்கள் பகுதி பாரஸ்டர் சின்ன வயசுத் தம்பி, மரியாதை தெரிந்தவர். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் ஒரு தடவை மூச்சை இழுத்து மோந்து பார்ப்பார். அன்றைக்கு வண்டியை நிறுத்திவிட்டுச் சட்டம் என்ன என்று எல்லாருக்கும் சொன்னார்.

காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரைக்கும் பன்னி வந்தால் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரைக்கும் பிடித்து, கொண்டுபோய்க் காட்டில் விடவேண்டும். மூன்றைத் தாண்டினால் சுடலாம். அதையும் வனத்துறை ஆள்தான் சுடவேண்டும். அதற்கு முன்னால் பயிர் வைத்த காட்டுக்காரர் மனுக் கொடுத்து, கிராமக் கமிட்டி ஒத்துக்கொள்ள வேண்டும்.

மாதப்பன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "ரெண்டாவது கிலோமீட்டர்ல புடிச்ச பன்னியக் காட்டுல உடணும்ங்கிறீங்க. அது காட்டுல இருந்துதானுங்களே வந்துச்சு. திரும்பி வந்தா?"

"திரும்பப் புடிக்கணும்."

"அதுக்கு ஒரு பஸ் பாஸ் போட்டுக் குடுத்துருங்க சார்" என்றேன் நான்.

பாரஸ்டர் கோவிந்தன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரிங்க, மூணுக்கு மேல நிக்குது. உங்க ஆளு சுட்டுட்டாரு. அப்புறம்?" என்றான் கோவிந்தன்.

"குழி வெட்டிப் பொதைச்சிருவோம்."

கூட்டத்தில் பாதிப் பேர் தலையில் கையை வைத்துக்கொண்டார்கள். எழவு வூட்டில்கூட அப்படி நின்ற கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

"பன்னியவா?" என்றான் கோவிந்தன்.

"பன்னியத்தான்."

"கறி?" என்றார் மாதப்பன்.

"கெடையாது."

"தல?"

"கெடையாது."

"கொம்புப் பல்லு ஒண்ணாச்சும்?"

"எதுவுமே கெடையாதுங்க. மண்ணெண்ணெய் ஊத்தி மூடிருவோம்."

மாதப்பன் வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார். "மின்ன சுட்டா ஜெயிலு. இப்ப சுட்டா மண்ணெண்ணெய். இதுக்கு அந்தப் பழைய சட்டமே தேவல. அதுலயாவது பன்னிக்கு ஒரு மரியாத இருந்துச்சு."

வேட்டைக்காரர்கள் கலைந்து போனார்கள். போகும்போதாவது வெள்ளைப்பன்னி அரைக் கிலோ வாங்கினார்களா என்றால் அதுவும் இல்லை. பாரஸ்டர் போகுமுன் என்னிடம் தனியாகச் சொன்னார். "ஆயா, இனிமேதான் உங்க கடைய ஜாஸ்தி கவனிப்போம். யாராச்சும் எதையாச்சும் கொண்டாந்து குடுத்தா வாங்கிராதீங்க. அப்புறம் நானே வந்து பூட்ட வேண்டியதாயிரும்."

3. தராசு இரவல்

சரோஜா மனுக் கொடுத்தாள். கமிட்டி கூடியது, தள்ளி வைத்தது, மறுபடி கூடியது. அவள் நடையாக நடந்தாள். பன்னிகளுக்கு மனு எழுதுகிற வேலை இல்லாததால் அவை தினமும் வேளைக்கு வந்து சாப்பிட்டுப் போயின. கடைசியில் பாரஸ்டர் போனை வைத்து அளந்து பார்த்து, சரோஜா காடு மூன்று கிலோமீட்டரைத் தாண்டித்தான் இருக்கிறது என்றார். துப்பாக்கியோடு ஒரு காவலர் வந்தார்.

பகலில் பன்னிகள் பக்கத்து வறண்ட ஏரிக்குள் இருக்கும் சீமைக்கருவேல் புதரில் படுத்திருக்கும். அவற்றைக் கலைத்து வெளியே விரட்ட ஆள் வேண்டும் என்று மாதப்பனைக் கூப்பிட்டார்கள். மண்ணெண்ணெய்ச் சட்டத்துக்கு நான் வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டவர், சரோஜா வந்து வாசலில் நின்றதும் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். காலை வெயில் ஏறும் நேரத்தில் ஒரு பெரிய ஆண் பன்னி புதரை விட்டு வெளியே ஓடிவந்து, சரோஜா காட்டு வரப்பில் விழுந்தது. காவலர் ஒரே குண்டில் முடித்துவிட்டார்.

அப்புறம்தான் கோவிந்தன் ஆட்டோவோடு என்னைத் தேடி வந்தான். பன்னி எடை என்ன என்று எழுதவேண்டுமாம். அவ்வளவு பெரிய எடை நிறுக்கிற கொக்கித் தராசு அந்தப் பக்கத்தில் என் கடையில்தான் உண்டு. தராசை மட்டும் அனுப்பியிருந்தால் இன்றைக்கு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். இரவல் போன சாமான் முழுசாகத் திரும்பாது என்று நானும் கூடவே போனேன். கடையில் வேலையாக இருந்தவள், கையில் இருந்த கத்தியையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

வரப்பில் கிடந்த பன்னியைப் பாரஸ்டர் போட்டோ எடுத்தார். வேப்பமரக் கிளையில் தராசை மாட்டினோம். பன்னியைக் கட்டக் கொண்டுவந்த கயிறு நீளமாக இருந்தது.

"அண்ணி, கயிறு அறுக்க அந்தக் கத்தியக் குடுங்க" என்றார் மாதப்பன்.

கொடுத்தேன். தராசு முள்ளைச் சரிபண்ணத் திரும்பிக்கொண்டேன். எல்லார் கண்ணும் தராசு மேல்தான் இருந்தது. பன்னியைத் தூக்கினார்கள், நிறுத்தார்கள், இறக்கினார்கள். எடையைக் கேட்டதும் மாதப்பன் கண் கலங்கிவிட்டது. குழி ஏற்கெனவே தயாராக இருந்தது. கால்நடை டாக்டர் வந்தார். புதைக்கும் முன் இன்னொரு போட்டோ எடுக்கப் பாரஸ்டர் போனைத் தூக்கினார். எடுத்ததைப் பார்த்தார். பழைய போட்டோவைத் தள்ளிப் பார்த்தார்.

முதல் போட்டோவில் பன்னிக்கு இரண்டு காது. இரண்டாவதில் ஒன்று.

4. காது எங்கே

வேட்டைக்கு என்று ஒரு முறை உண்டு. இது தெரியாமல் நான் சொல்வது புரியாது. மிருகம் விழுந்தால், தரையை விட்டுத் தூக்குமுன் இடது காதை அறுத்து முனியப்பனுக்கு வைக்கவேண்டும். அப்புறம்தான் பங்கு. அடித்தவனுக்குத் தலை. விழுந்த நிலத்துக்காரருக்கு ஒரு முன்னங்கால். நாய்க்கு ஒரு பங்கு. அறுக்கக் கத்தி கொடுத்தவருக்குக் கழுத்துக்கறி, அதற்குக் கத்திப் பங்கு என்று பெயர். சாமி பங்கை வைக்காமல் தூக்கின பன்னியை ஒரு வேட்டைக்காரனும் தொடமாட்டான்.

ஆனால் பாரஸ்டர் பார்த்தது வேறு. சரோஜா கையில் ரத்தம் பட்ட கத்தி இருந்தது. மாதப்பன் அவளிடம் கொடுத்து வைத்திருந்தார்.

"யார் கத்தி இது?"

"ஆயாவுதுங்க" என்றாள் சரோஜா, உலகத்திலேயே சாதாரண விஷயம் மாதிரி.

பன்னிக்கறிக் கடைக்காரி. அவள் கத்தி. காட்டுப்பன்னி காது. யாராக இருந்தாலும் கூட்டிப் பார்ப்பார்கள்.

"ஆயா, பையத் தொறங்க."

திறந்தேன். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, மடித்த துண்டு.

"காது எங்க?"

"சார், ஒரு காத வெச்சு நான் எத்தினி பேருக்கு வறுவல் போடறது?"

அவர் சிரிக்கவில்லை. காவலரைப் பார்த்து, "கடைக்குப் போய் பிரிட்ஜைத் தொறந்து பாருங்க. நான் ரேஞ்சருக்குப் பேசறேன்" என்றார். அந்த நேரத்தில் எனக்கும் வேடிக்கைப் பேச்சு வறண்டுவிட்டது. பிரிட்ஜில் இருப்பது வெள்ளைப்பன்னிதான். ஆனால் வெட்டின கறியைப் பார்த்து எது எந்தப் பன்னி என்று சொல்ல, எங்கோ தூரத்துக்கு அனுப்பி டெஸ்ட் எடுக்கவேண்டும். அது வரும்வரைக்கும் கடைக்குப் பூட்டு.

காது எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். மாதப்பன் வேப்பமரத்தடியில் தரையைப் பார்த்து நின்றார். நான் வாயைத் திறந்தால் அவர் மேல் கேஸ். திறக்காவிட்டால் என் கடைக்குப் பூட்டு. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. காவலர் என் கடைப் பக்கம் நாலு எட்டு வைத்தார்.

"அண்ணி கடைக்கு எதுக்குப் போறீங்க" என்றார் மாதப்பன். "காது முனியப்பன்கிட்ட இருக்குது."

எல்லாரும் போனோம். வரப்பு முடிகிற இடத்தில் புளியமரத்தடிக் கல்தான் முனியப்பன். கல்லுக்கு முன்னால் எருக்கிலை. இலை மேல் காது. பக்கத்தில் மாதப்பன் நாய், எச்சில் ஒழுக, தொடாமல் உட்கார்ந்திருந்தது. சாமிக்கு அப்புறம்தான் தன் பங்கு என்று அதற்கும் தெரியும்.

பாரஸ்டர் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தார். "அவ்ளோ தூரம் சொன்னேனே. எதையும் எடுக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா? ஏங்க இப்பிடிப் பண்றீங்க?"

"நான் பண்ணலீங்க சார். கையி பண்ணிருச்சு. பன்னி விழுந்தா கையி அதத்தான் பண்ணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "சட்டம் மாறுனத எங்களுக்குச் சொன்னீங்க. சாமிக்கு யாரும் சொல்லலீங்களே."

"அவரையும் கமிட்டியில போட்டிருக்கணும்" என்றேன். எனக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது.

கால்நடை டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "காது கெடைச்சிருச்சில்ல. குழியில போடுங்க சார். முழு உடம்பும் பொதைச்சாச்சுன்னு நான் எழுதிடறேன். எனக்கு இன்னொரு ஊர்ல மாடு காத்துக்கிட்டு இருக்குது."

பாரஸ்டர் இரண்டு போட்டோவையும் இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் மாதப்பனையே காதை எடுத்துவரச் சொன்னார். மாதப்பன் அதை இலையோடு தூக்கி வந்து, குழிக்குள் இறங்கி, அறுத்த இடத்திலேயே பொருத்தி வைத்துவிட்டு ஏறினார். மண்ணெண்ணெய் ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோவிந்தன் துக்கம் விசாரிப்பவன் மாதிரி அவர் தோளைத் தொட்டான். நாய் மட்டும் சத்தமாகவே அழுதது.

மாதப்பனுக்குக் கேஸ் இல்லை, கண்டித்து விட்டார்கள். என் கடைக்குப் பூட்டும் இல்லை. ஆனால் இவ்வளவு நடந்த பிறகு ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதப் பாரஸ்டருக்கு மனசு வரவில்லை.

"கத்திய மட்டும் எடுத்துக்கிட்டுப் போறோம் ஆயா. ரெண்டு நாள்ல வந்து வாங்கிக்கங்க."

5. கத்திப் பங்கு

நானும் ஆபீசுக்குப் போய்ப் போய்ப் பார்க்கிறேன். ஒரு நாள் ரேஞ்சர் கேம்ப். ஒரு நாள் சாவி வைத்திருக்கிறவர் லீவு. ஒரு நாள் எல்லாரும் இருக்கிறார்கள், கத்திதான் எந்த அலமாரியில் என்று தெரியவில்லை. காதை அறுத்தவர் வூட்டில் இருக்கிறார். கத்தி உள்ளே இருக்கிறது. அது என் கைக்குப் படிந்த கத்தி. புதுக் கத்தி வாங்கி, இன்னமும் எலும்பில் மாட்டி மாட்டி இழுக்கிறேன்.

அந்தப் பன்னி விழுந்த பிறகு மற்றவை கொஞ்ச காலம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சரோஜா காட்டில் மிச்சம் இருந்த கடலை வூடு வந்து சேர்ந்தது. பிடுங்கின அன்றைக்கு எங்கள் எல்லாரையும் வரப்புக்குக் கூப்பிட்டாள். பாரஸ்டரும் காவலரும்கூட வந்திருந்தார்கள்.

சரோஜா கடலையைக் குவித்து வைத்தாள். மாதப்பன் யாரையும் கேட்கவில்லை. குவியலுக்கு முன் குந்தினார். முதலில் ஒரு கைப்பிடி எடுத்துப் போய் முனியப்பன் கல்லுக்கு வைத்துவிட்டு வந்தார். பிறகு பிரித்தார்.

"இது தலைப் பங்கு. சுட்டவருக்கு." காவலர் துண்டை விரித்து வாங்கிக்கொண்டார்.

"இது நெலத்துக்கு." சரோஜா பக்கம் பெரிய குவியல் போயிற்று.

"இது நாய்ப் பங்கு." நாய் மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. மண்ணெண்ணெய் ஊற்றினதைவிட மோசமாக ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்திருக்கும்.

பாரஸ்டர் தானாகவே தொப்பியை நீட்டினார். "எனக்கு என்ன பங்குங்க?"

"போட்டோப் பங்கு சார். மின்ன இல்ல. இப்பத்தான் புதுசா ஏற்படுத்துனது."

எல்லாரும் சிரித்தார்கள். நான் முந்தானையை விரித்துக்கொண்டு காத்திருந்தேன். மாதப்பன் கையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"ஏங் கொழுந்தனாரே, கத்திப் பங்கு எங்க?"

"கத்தி இங்கயா இருக்குது, அண்ணி?" என்றார் அவர், முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல். "அது ரேஞ்ச் ஆபீசுல இல்ல இருக்குது. அங்க போய்க் கேளுங்க."

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். யார் கேட்டாலும் தராசு இரவல் கொடுங்கள். அது பார்த்ததை மட்டும்தான் சொல்லும். கத்தியைக் கொடுக்காதீர்கள். அது பிடித்த கை சொன்னபடி கேட்கும், கேஸ் உங்கள் பேருக்கு வரும், பங்கு மட்டும் வராது.