நான் கேட்கப் பயந்த கேள்வி

என் மகன் சாமுவேல் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது, கோவில்பட்டி ரயில் நிலையத்துக்கு மாலையோடு போனவன் நான். வந்த பிறகு அவன் தூக்கமில்லாமல் தவித்ததைக் கண்டும் காணாமல் இருந்தவனும் நான்தான்.

எங்கள் ஊரில் சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகையன்று பந்தி தொடங்கும் முன் வேட்டுப் போடுவது வழக்கம். போன வருடம் வேட்டுக்குத் தீ வைக்கும் மரியாதையை என் மகனுக்குக் கேட்டு வாங்கினேன். “வேண்டாம்ப்பா, எனக்கு அந்தச் சத்தம் ஆகல” என்றான். “ஏலே, பட்டாளத்தான் இப்படிச் சொன்னா ஊரு சிரிக்கும்லே” என்று தீப்பெட்டியைக் கையில் திணித்தேன். முதல் வெடிக்கே குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டான். “மிலிட்டரிக்காரரு ஓலவெடிக்கே படுத்துட்டாருல்லா!” என்றார் ஒருவர். பந்தியே சிரித்தது. வெட்கத்தில் நானும் சிரித்தேன். அதை அவன் பார்த்தான்.

அதன்பின் அறையை விட்டு வரவில்லை. மழை பெய்தும் உளுந்து விதைக்கக் காட்டுப் பக்கம் போகவில்லை. ஒரு நாள், “நான் இல்லாட்டி உங்களுக்கு இந்த அவமானம் இருக்காதுல்லாப்பா” என்றான். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவன் நான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் இல்லாத நினைப்பும் வந்துவிடுமோ என்று பயந்தேன். கரிசல் மண்ணில் முழங்காலிட்டு, “கர்த்தாவே, கேட்கத் தெரிந்த ஒருவரை அனுப்பும்” என்று அழுதேன்.

அந்த வாரமே பசுவந்தனையிலிருந்து முருகையா என்பவர் பைக்கில் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் திரும்பிய படைவீரர்களை வீடு தேடிப் போய்ப் பேசி, தற்கொலை எண்ணத்திலிருந்து காப்பாற்ற அரசு பயிற்சி கொடுத்து அனுப்புகிறவர்களில் ஒருவர். “மகன் நல்லாத்தான் இருக்கான்” என்று அவரை அனுப்பப் பார்த்தேன். மருமகள் கிரேஸ் குறுக்கே வந்தாள். “இல்லண்ணாச்சி, அவிய நல்லா இல்ல. உள்ள வாங்க.”

அவர் என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து, “தம்பி, செத்துரலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேட்டார்.

“இப்படியா கேப்பீய?” என்று பதறினேன்.

“கேக்காம விட்டு ஒரு கூட்டாளியப் பறிகொடுத்திருக்கேன் சார்வாள். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.”

சொந்த வீட்டிலிருந்து வெளியே வந்து நின்றேன். உள்ளே, “ஆமா அண்ணாச்சி” என்று சொல்லி என் மகன் உடைந்து அழுதான். அவன் பட்டாளத்துக்குப் போன பிறகு அந்த அழுகையை நான் கேட்டதே இல்லை.

வயலுக்கு அடிக்கும் மருந்தையெல்லாம் அன்றே வீட்டிலிருந்து அப்புறப்படுத்தச் சொன்னார். மறுநாள் தானே கூட வந்து முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் சேர்த்தார். வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அரசின் மனநல உதவி மையத்திலிருந்து போனில் விசாரித்தார்கள். “விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு?” என்று சபையில் ஒருவர் கேட்டார். மாத்திரையும் கர்த்தர் தந்த பதில்தான் என்றேன்.

“நான் சிரிச்சது தப்புலே” என்று மகனிடம் சொன்னேன். “நீங்க அப்ப ஊருக்குப் பயந்துட்டீயப்பா” என்றான். என்னை விட அவனுக்கு என்னைத் தெரிந்திருந்தது.

இன்றும் மாத்திரை சாப்பிடுகிறான். சில நாள் தூக்கம் வராது. ஆனாலும் முருகையா பெற்ற அதே பயிற்சியை முடித்து, கயத்தாறு, புதியம்புத்தூர்ப் பக்கம் தன்னைப் போன்றவர்களைப் பார்க்கப் போகிறான். அவனைச் சீருடையில் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு பெருமை இருந்ததில்லை.

சகோதரரே, ஜெபியுங்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் வாடிக் கிடந்தால் மறைக்காதீர்கள், நேராகக் கேளுங்கள். கேட்கத் தைரியம் இல்லையென்றால் ஆள் அனுப்பச் சொல்லிக் கர்த்தரிடம் கேளுங்கள். உங்கள் தெருவுக்கு வருகிறவன் என் மகனாக இருக்கலாம். அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.