தோ பாயோவில் மழை

லிட்டில் இந்தியாவில் ஒரு தேநீர்க்கடையில்தான் அவரைச் சந்தித்தேன். கழுத்தளவு வெட்டிய நரைமுடி, கயிற்றில் தொங்கும் கண்ணாடி. தமிழில் தட்டச்சு செய்ய நம்மில் பலர் பயன்படுத்தும் ஒரு திறமூல மென்பொருளின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவர்.

யாரோ வந்து புடவைக்கடைக்கு வழி கேட்டார்கள். கையை நீட்டிக் காட்டினார். "அதோ இருக்கு. ஆனா நல்லா இருக்குமான்னு தெரியாது லா, நான் வாங்கினதில்ல." சாப்பாட்டுக்கடை கேட்டவரிடமும் இதே பேச்சுதான்.

அவருடைய தளமும் அப்படித்தான். நன்கொடையாளர்களின் தளங்களுக்கான இணைப்புகள் எல்லாவற்றிலும், 'இதற்கு நான் பொறுப்பில்லை' என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'நோஃபாலோ' குறி இருக்கும். அந்தக் குறி இருந்தால், தேடலில் மேலே வர அந்த இணைப்பு உதவாது.

"உதவி பண்ணவங்களுக்கே நோஃபாலோவா?" என்றேன்.

"பேரு போட்டு நன்றி சொல்றேனே. நம்பிப் போங்கன்னு எப்படிச் சொல்றது?"

என் தளத்தைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அதுவும் திறமூலம்தான். இந்தத் தீவின்மேல் மழைமேகங்கள் மெல்ல நகர்வதைக் காட்டி, எங்கே எப்போது மழை வரும் என்று சொல்லும். தேடலில் வராததால் பார்க்கத்தான் ஆளில்லை. அவர் தளத்தில் ஓர் இணைப்புக் கேட்டேன்.

கைப்பேசியில் திறந்தார். மாலையில் தோ பாயோவில் மழை என்றிருந்தது. வெளியே கண்கூசும் வெயில்.

"அங்கதான் என் வீடு. பார்ப்போம் லா" என்று எழுந்து போனார்.

சில வாரங்களில், தேடலில் என் தளம் முதல்முறையாகத் தெரிந்தது. அவர் பக்கத்தைத் திறந்தேன். என் தளத்தின் இணைப்பு இருந்தது. அந்தக் குறி இல்லை.

அன்று தோ பாயோவில் மழை பெய்திருக்க வேண்டும்.