அம்மன் காலடியில் என் வினாத்தாள்

விளக்கிச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. யாராவது கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு விழித்தால் போதும், கேட்காமலேயே வாங்கிப் படித்து அர்த்தம் சொல்லிவிடுவேன். யாங்கோன் நகரின் நடுவில், கியாக்டடாவில் பத்திரங்களை மொழிபெயர்க்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்திருப்பதால் வந்த வியாதி அது. நான் குடியிருக்கும் தாகேதாவில் எங்கள் தெருவுக்கு வரும் கரண்ட் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு, வார்டு ஆபீஸ் கடிதம் எல்லாம் கடைசியில் என் வாசலில்தான் வந்து நிற்கும். நான் ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் தெருவுக்கே நான் சயாமா. இங்கே டீச்சரம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தை மாதத்தில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தொடக்கப் பள்ளியின் கடைசிப் பரீட்சை பற்றியது. கேள்வித்தாளை வகுப்பு சயாமா தயாரிக்கமாட்டார், மேலிடத்திலிருந்து வரும் என்று அதில் எழுதியிருந்தது. எங்கள் தமிழ் ஆட்கள் பர்மியம் பேசினால் பர்மியர்களே திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவு சுத்தமாக இருக்கும். ஆனால் அரசாங்கக் கடிதத்தின் பர்மியம் வேறு. அதைப் பார்த்ததும் தெருவில் பாதிப் பேர் பயந்துபோய் என் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

எல்லோரையும்விட அதிகம் கலங்கியவள் முக்கில் தோசைக் கடை போட்டிருந்த தங்கச்சி. என் கூடப்பிறந்தவள் இல்லை, தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். அவளுக்கு ஒரே பெண். புருஷன் தாகேதாவிலிருந்து நகர நடுவிலுள்ள சூலேவுக்கு பஸ் ஓட்டுகிறவர். நல்ல மனிதர், ஆனால் சொன்ன சொல்லை மாற்றமாட்டார். பெண் பாஸானால் ஆறாவது, இல்லாவிட்டால் அம்மாவோடு தோசைக் கடை என்று அவர் சொல்லிவிட்டார். அதில் கொடுமை ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அவர்கள் காலத்தில் அப்படித்தான் நடந்தது. தங்கச்சியே நாலாவதில் ஃபெயில். மறுநாளே அவளுடைய புத்தகப் பையில் வெங்காயம் போட்டுக் கடைக்கு அனுப்பிவிட்டார்களாம். இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

கோவில் கமிட்டிச் செயலாளர் வந்து, ஞாயிற்றுக்கிழமை அன்னதானத்துக்கு முன்னால் மண்டபத்தில் பெற்றோர்களுக்கு இந்தப் பரீட்சையை விளக்கிச் சொல்ல முடியுமா என்று கேட்டார். நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் மாரியம்மன் கோவில் பொங்கலுக்கு என்றைக்கும் மறுப்புச் சொன்னவள் இல்லை. ஒத்துக்கொண்டேன். பர்மியத்திலேயே பேசியிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். எனக்குத்தான் தமிழில் பேசவேண்டும் என்று ஆசை. என் தமிழோ சர்ச்சில் கற்ற தமிழ். "ஆகையால் பெற்றோரே" என்று நான் ஆரம்பித்ததும் மண்டபம் கப்சிப் என்றாகிவிட்டது. முன்வரிசையில் ஒரு பெரியவர் கையைக் கூப்பிக்கொண்டார். நன்றாகப் பேசுகிறோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினேன்.

அதோடு விட்டிருக்கலாம். பரீட்சை எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தால் பயம் போகும் என்று, ஒரு மாதிரி வினாத்தாளை நானே உட்கார்ந்து பர்மியத்தில் எழுதி, விடைகளையும் கீழே எழுதி, முப்பது பிரதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பத்துக் கேள்விகள். கடைசியில் ஒரு கட்டுரை, தலைப்பு 'என் அம்மா'. அவசரத்தில் என் அம்மாவைப் பற்றியே எழுதிவிட்டேன். அம்மா கண்ணாடி போட்டிருப்பார், ஆர்மோனியம் வாசிப்பார், ஞாயிற்றுக்கிழமைகளில் கேக் செய்வார்.

செயலாளர் அந்தக் கட்டை வாங்கிக்கொண்டு நேரே கருவறைக்குப் போனார். குருக்கள் அதை அம்மன் காலடியில் வைத்து, கற்பூரம் காட்டி, ஒவ்வொரு தாளின் மூலையிலும் குங்குமம் தொட்டுக் கொடுத்தார். பொங்கலோடு சேர்த்து ஆளுக்கு ஒரு தாள். என் கையெழுத்துக்கு இப்படி ஒரு மரியாதையா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்றைக்கு இரண்டு தொன்னை பொங்கல் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து, காலையில் பஸ்ஸுக்குப் போகிற வழியில் தோசைக் கடையில் நின்றேன். ஓரத்தில் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒப்பித்துக்கொண்டிருந்தாள். காது கொடுத்துக் கேட்டேன். என் அம்மா கண்ணாடி போட்டிருப்பார், என் அம்மா ஆர்மோனியம் வாசிப்பார் என்று கால்புள்ளிகூடத் தப்பாமல் வந்தது. அவளுடைய அம்மா வியர்வை வழிய எதிரே தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் கண்ணாடி இல்லை, ஆர்மோனியத்தை அவள் தொட்டதும் இல்லை.

மற்றப் பாடங்களைப் படிக்கிறாளா என்று கேட்டேன். தங்கச்சி தோசைக் கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், அதான் நீங்களே கொடுத்துட்டீங்களே, பத்தும் பாடமாகிவிட்டது என்றாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. யாங்கோனில் எந்தக் கேள்வி வரும் என்று முன்கூட்டியே சொல்கிற டியூஷன் சயாமாக்கள் உண்டு. அவர்கள் கொடுப்பதை மனப்பாடம் செய்வதுதான் படிப்பு. நானோ கியாக்டடாவில், பெரிய ஆபீஸ்களுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறவள். எனக்கு மேலிடத்திலிருந்து தாள் கிடைத்துவிட்டது என்று தெருவே நம்பிக்கொண்டிருந்தது. அதை வெளியில் பேசாமல் இருந்தது என் மேல் வைத்த மரியாதையாம்.

அன்று சாயங்காலம் வீடு வீடாகப் போய்த் தாளைத் திருப்பிக் கேட்டேன். அது நானே எழுதியது, அதிலிருந்து ஒரு கேள்விகூட வராது என்றேன். ஒருவரும் கொடுக்கவில்லை. இரண்டு வீட்டில் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தார்கள். அம்மன் பார்த்த தாளை எப்படித் திருப்பித் தருவது என்றார்கள். நான் பொய் சொல்வது என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்று ஒரு அம்மாள் என்னை ஆறுதல்படுத்தி வேறு அனுப்பினார். வீட்டுக்கு வந்தால் நகரின் மறுகோடியில் இன்சீனிலிருந்து என் அக்கா ஃபோனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அங்கே பிள்ளைகள் எல்லாரும் இதைப் படிக்கிறார்களாம், உண்மையா என்று கேட்டிருந்தாள். படத்தில் இருந்தது என் கையெழுத்து, மூலையில் குங்குமத்தோடு. சொந்தத் தங்கையின் எழுத்து அவளுக்கே தெரியவில்லை. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லோரையும் என்னால் பிடிக்க முடியாது. அந்த ஒரு பெண்ணையாவது பிடிக்கவேண்டும் என்று மறுநாள் தோசைக் கடையில் போய் உட்கார்ந்தேன். கோபத்தில் எனக்குப் பேச்சு குறையும், அதனால் அன்றைக்குக் கொஞ்சம் தெளிவாகவே பேசினேன் போலிருக்கிறது. தினம் சாயங்காலம் மாவு ஆட்டும்போது, பிள்ளை புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அன்றைய பாடத்தை அம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்றேன்.

"நான் நாலாவதே பாஸாகாதவக்கா. எனக்கு என்ன தெரியும்?"

"நீ சரி தப்பு சொல்ல வேண்டாம். புரியலைன்னா புரியலைன்னு சொல்லு, அது போதும்."

அரை மனசோடுதான் ஒத்துக்கொண்டாள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நான் வேலையிலிருந்து திரும்பும்போது அம்மாவும் மகளும் ஒரு பானையின் முன்னால் வாதாடிக்கொண்டிருந்தார்கள். பாடம் மழை. கடல் தண்ணீர் ஆவியாகி மேலே போகிறது என்று பிள்ளை கடகடவென்று ஒப்பித்திருக்கிறாள். போனது ஏன் திரும்பிக் கீழே வருகிறது, புரியவில்லை என்று தங்கச்சி கேட்டிருக்கிறாள். பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வரிக்கு அப்புறம் என்ன வரி என்பதுதான் அவளுக்குத் தெரியும். தங்கச்சி சாம்பார்ப் பானையின் மூடியைத் திருப்பிக் காட்டினாள். அதில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு நின்றது. பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மேலே குளிர்ச்சியா இருக்கும்மா என்று மெதுவாகச் சொன்னாள். நான் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் விளக்காமல் வீட்டுக்குப் போனேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

மூன்று வாரம் இப்படியே போயிற்று. மாசி முடியும் சமயத்தில் பரீட்சை நடந்தது. என் பத்துக் கேள்விகளில் ஒன்றுகூட வரவில்லை. அம்மன் என்ன செய்வாள் பாவம். மற்ற வீட்டார் என்னைத் திட்டவில்லை. மேலிடத்தில் கடைசி நேரத்தில் தாளை மாற்றிவிட்டார்கள் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

ரிசல்ட் அன்று தங்கச்சியோடும் பிள்ளையோடும் நானும் பள்ளிக்குப் போனேன். அறிவியலில் பிள்ளை நல்ல மார்க். கணக்கு, ஆங்கிலம், சமூகம் எல்லாம் பாஸ். பர்மியத்தில் ஃபெயில். வகுப்பு சயாமா எங்களை ஓரமாக அழைத்து, வருத்தப்படவேண்டாம், பள்ளி திறப்பதற்குள் அந்தப் பாடத்தை மறுபடி எழுதலாம் என்று தேதியும் சொன்னார். பிறகு கட்டுரையில் என்ன ஆயிற்று என்று சொன்னார். தலைப்பு 'மழைக்காலத்தில் எங்கள் தெரு'. பிள்ளை முதல் வரியை ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறாள். இரண்டாம் வரியில் பயம் வந்திருக்கிறது. மழை பெய்யும்போது என் அம்மா கேக் செய்வார் என்று ஆரம்பித்து, ஆர்மோனியம் வரைக்கும் எழுதிவிட்டாள்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. அந்தக் கேக்கைச் சுட்டது நான்.

அவர்கள் வீட்டுக்குப் போனபோது புருஷன் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து காத்திருந்தார். பிள்ளை கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தங்கச்சி ரிசல்ட்டைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சரி, நாளையிலிருந்து கடைக்குக் கூட்டிக்கொண்டு போ என்று சாதாரணமாகச் சொன்னார். தப்பு என்னுடையது என்று நான் ஆரம்பித்தேன். மறுபடி எழுதலாம் என்று சொல்லப்போனேன். பதற்றத்தில் அந்தச் சர்ச் தமிழ்தான் வாயில் வந்தது. தங்கச்சி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நேத்து மாவு பொங்கல. நீங்கதானே மூடியத் தெறந்து பாத்தீங்க?"

அவர் ஆமாம் என்றார்.

"பாத்துட்டுக் கொட்டிட்டமா?"

"எதுக்குக் கொட்டணும்? உளுந்து பழசு. இன்னும் கொஞ்ச நேரம் வெச்சோம்."

"சாமேபுவெயும் அதாங்க. மூடியத் தெறந்து பாக்குறது. பொங்கலைன்னா எது கொறச்சல்னு பாத்து இன்னும் கொஞ்சம் வெக்கணும்." பரீட்சைக்கு எங்கள் ஆட்கள் சொல்லும் பர்மியச் சொல் சாமேபுவெ. நான் மண்டபத்தில் ஒரு மணி நேரமும் அதைச் சொல்லாமல் 'தேர்வு, தேர்வு' என்றே பேசியிருந்தேன். அவள் குரல் உயரவே இல்லை. "நாலாவதுல என் மூடியத் தெறந்து பாத்தாங்க. பாத்துட்டு அப்பிடியே கொட்டிட்டாங்க."

எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டே சொன்ன கதைதான். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பெண்டாட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மறுபடி எழுதுறது என்னைக்குக்கா?"

தேதி எனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து பிள்ளை சொல்லிவிட்டாள்.