இரண்டாவது பொட்டலம்

2002-ஆம் வருடம் ஐப்பசியில் ஒரு நாள் காலை ஷிப்டில் இருமினேன். விலா எலும்பு முறிந்தது. இருமினால் எலும்பு முறியும் என்று அதற்கு முன்பு யாராவது சொல்லியிருந்தால் அவரை நம்பியிருக்க மாட்டேன். எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. ஆறு மாதமாக முதுகுவலி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஓசூரில் பார்த்த எலும்பு டாக்டர் நின்றுகொண்டே வேலை செய்வதால் வருகிற வலி என்று மாத்திரை கொடுத்திருந்தார். எக்ஸ்ரேவில் எலும்பெல்லாம் பொத்தல் பொத்தலாகத் தெரிந்ததும் பெங்களூருக்கு எழுதிக் கொடுத்தார்.

நம் மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். நன்கொடை ரசீதைக்கூட இரண்டு தடவை திருப்பிப் பார்த்து வாங்குகிற முருகேசன். என் மேல் தப்பில்லை, தொழில் அப்படி. வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கிறேன். மெஷினில் நிற்பவர் சரியாக இருக்கிறது என்று சொன்னால், அதற்காகவே இன்னொரு முறை அளந்து பார்க்கச் சம்பளம் வாங்குகிறவன். கும்பாபிஷேக மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி கோயில்காரர்கள் கேட்டபோது முதலில் மறுத்தேன். இந்த மாதிரி எழுதுகிறவர்கள் வீட்டில் எல்லாம் கடைசிப் பத்தியில் நோய் ஓடிப்போய்விடுகிறது. என் நோய் ஓடிப்போகவில்லை. அதையும் எழுதலாம் என்றார்கள், எழுதுகிறேன்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், இடுப்பெலும்புக்குள் ஊசியை விட்டு மஜ்ஜை எடுத்தார்கள். முடிவைச் சொல்ல என் மனைவி சரோஜாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்தவள் முகத்தைக் கழுவியிருந்தாள். ரத்தத்தில் ஏதோ புரதம் கூடிவிட்டதாம், மாத்திரையில் இறங்கிவிடுமாம் என்றாள். புரதம் கூடினால் நல்லதுதானே என்று கேட்டேன். அவள் பையில் பஸ் காசைத் தேடினாள். எனக்கு அப்போதே உறுத்தியது.

அடுத்த தடவை போனபோது முன்வாசலில் கூட்டம் அதிகம் என்று சொல்லி என்னைப் பக்கவாட்டு கேட் வழியாக அழைத்துப் போனாள். அந்த கேட்டில் பலகை கன்னடத்தில் மட்டும் இருந்தது. நான் திண்டுக்கல்காரன், கன்னடம் படிக்கத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஓசூருக்கு வந்த புதிதில் பஸ் போர்டு படிப்பதற்காக உடன் வேலை செய்தவர்களிடம் எழுத்தைக் கூட்டிக் கூட்டிக் கற்றிருந்தேன். பலகையைக் கூட்டிப் படித்தேன். கேன்சர் என்று இருந்தது. ஒன்றும் தெரியாதவன் போல அவள் பின்னாலேயே நடந்தேன்.

நோயின் பெயர் மல்டிபிள் மைலோமா. மஜ்ஜையில் வருகிற புற்றுநோய். அந்தப் பெயரை என் ஃபைலின் ஓரத்தில் நானே திருட்டுத்தனமாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு யாரையும் நம்ப முடியவில்லை. பக்கத்து வீட்டார் இளநீர் கொண்டுவந்தால், இவர்களுக்கும் தெரியும் என்று தோன்றும். சேலத்தில் விடுதியில் படித்த மகள் போனில் வழக்கத்தைவிட அன்பாகப் பேசினால், அவளுக்கும் சரோஜா சொல்லிவிட்டாள் என்று தோன்றும். மாத்திரை அட்டையில் பிள்ளை வயிற்றோடு இருக்கும் ஒரு பெண்ணின் படம் போட்டு அதன் மேல் கோடு கிழித்திருந்தது. பெண்களுக்கான மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. கருவில் இருக்கும் குழந்தைக்கு ஆகாத மருந்து, அதற்கான எச்சரிக்கைதான் அது என்று பெங்களூரில் என்னைப் பார்த்துவந்த டாக்டரம்மா விளக்கிய பிறகும், கடைக்காரரிடம் தனியாக ஒருமுறை கேட்டுத்தான் விழுங்கினேன். கூடக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை தூக்கத்தைக் கெடுத்தது, கோபத்தைக் கூட்டியது. ஏற்கெனவே சந்தேகக்காரன். அந்த மாத்திரையும் சேர்ந்தால் வீட்டில் இருப்பவள் பாடு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

நான்கு மாதத்தில் வலி குறைந்தது. அடுத்து ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்யலாம் என்றார் டாக்டரம்மா. என் ரத்தத்திலிருந்தே நல்ல அணுக்களைப் பிரித்து உறைய வைப்பார்கள். பிறகு கடுமையான மருந்து கொடுத்து மஜ்ஜையைக் காலி செய்வார்கள். கடைசியில் என் அணுக்களை எனக்கே திருப்பி ஏற்றுவார்கள். சரோஜா இதை ரத்தத்தைச் சுத்தம் பண்ணுவது என்று எனக்கு மொழிபெயர்த்தாள்.

அன்று திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா தன் உதவி டாக்டரிடம் கன்னடத்தில் பேசியது என் காதில் விழுந்தது, கம்பெனியில் கேட்டுப் பழகிய மொழி என்பதால் புரிந்தது. இந்த நோய்க்காரர்கள் சராசரியாக எத்தனை வருடம் இருப்பார்கள் என்று சொன்னார். மாற்று சிகிச்சை செய்தால் கொஞ்சம் கூடும், ஆனால் நோய் திரும்பி வரும் என்றும் சொன்னார். அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். விரல் விட்டு எண்ணினால் ஒரு கைகூட நிறையாது.

இங்கேதான் நான் ஒரு தப்புக் கணக்குப் போட்டேன். எங்கள் கம்பெனியில் இரும்பைச் சீவும் சின்ன முனைக்கு இன்சர்ட் என்று பெயர். இத்தனை பீஸ் வெட்டியதும் கழற்றிப் போடு என்று அதற்கு ஓர் ஆயுள் எழுதி மெஷின் மேல் ஒட்டியிருப்போம். அந்த எண் வந்துவிட்டால் முனை எப்படி இருந்தாலும் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். டாக்டரம்மா சொன்ன சராசரியை நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். என் மேல் ஓர் எண் ஒட்டியாகிவிட்டது. அதற்குள் ஒரு மாதம் தனி அறையில் கிடந்து, வாயெல்லாம் புண்ணாகி, முடியெல்லாம் கொட்டி என்ன ஆகப் போகிறது? மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. சொன்னால் எனக்குத் தெரியும் என்பது வெளியே வந்துவிடும்.

சரோஜா அழுது பார்த்தாள், சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். கடைசியில், அம்மனிடம் பூ கேட்கலாம், அவள் சொல்கிறபடி செய்யலாம் என்றாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூ இன்னொன்றிலும் கட்டி, அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். சரோஜா கட்டிய பொட்டலங்களோடு மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை போனோம். பொட்டலத்தை எடுக்க வழக்கம்போல ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டார் பூசாரி. அவளிடம் சரோஜா முன்பே சொல்லி வைத்திருப்பாளோ என்று நானே எடுக்கிறேன் என்றேன்.

எடுப்பதற்கு முன்னால் கண்ணை மூடி நின்றேன். சிகிச்சையைப் பற்றி நான் கேட்கவில்லை. ஆயுளையும் கேட்கவில்லை. "தாயே, என்னைச் சுத்தி எல்லாரும் பொய் சொல்றாங்க. உண்மையைச் சொல்ற ஒரு ஆளையாவது எனக்குக் காட்டு" என்று மட்டும்தான் வேண்டினேன். அன்றைக்கு அதைவிடப் பெரிய ஆசை எனக்கு இல்லை.

வெள்ளை அரளி வந்தது. சரோஜா தரையில் விழுந்து கும்பிட்டாள். பூசாரி திருநீறு கொடுத்தார். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. ஒரு பீஸைப் பார்த்துவிட்டுப் பெட்டியையே பாஸ் செய்கிறவன் இல்லை நான். சாயங்காலம் செருப்பை மாற்றிப் போட்டு வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குத் திரும்பினேன். கழித்த பூக்களை வேப்பமரத்தடியில் ஒரு கூடையில் போட்டிருந்தார்கள். கிளறினேன். இரண்டாவது பொட்டலம் நூல் கட்டு பிரிக்காமல் கிடந்தது. அவிழ்த்தேன். அதிலும் வெள்ளை அரளி.

பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். மனிதர்களை விடுங்கள், சாமியிடமே ஏமாற்றா? வீட்டுக்குப் போனேன். சரோஜா அடுப்படியில் ராகி மாவு கிளறிக்கொண்டிருந்தாள். பொட்டலத்தை மேடை மேல் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

"செவப்பு வந்துட்டா நீங்க ஒரேயடியா போவ மாட்டீங்க. அதான் ரெண்டுலயும் வெள்ளையே வெச்சேன். கட்டறப்பவே ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். பாவம் என் தலையில விழட்டும்னு சொல்லிட்டுத்தான் கட்டினேன்."

பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். நோயின் பெயர், அது முழுதாகக் குணமாகாது என்பது, திரும்பி வரும் என்பது, டாக்டரம்மா அவளிடம் தனியாகச் சொன்ன வருடக் கணக்கு. எதையும் குறைக்கவில்லை. இனிப்பும் பூசவில்லை. முடித்ததும் நான், எனக்குத் தெரியும் என்றேன். எப்போதிலிருந்து என்று கேட்டாள். பக்கவாட்டு கேட்டில் பலகையைப் படித்த நாளிலிருந்து என்றேன்.

"அப்ப இந்த நாலு மாசமா நீங்களும் எங்கிட்டப் பொய்தான் சொல்லியிருக்கீங்க. நான் பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதுட்டு இருந்தேன். நீங்க அந்தப் பக்கம் உக்காந்து வேவு பாத்துட்டு இருந்திருக்கீங்க."

ஊரையெல்லாம் அளந்து பார்த்தவன் என்னை மட்டும் அளக்காமல் விட்டிருந்தேன். இரண்டு பேரும் அழுதோம். கல்யாணமாகி இருபது வருடத்தில் அப்படிச் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. காலையில் என்ன வேண்டினேன் என்பது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. உண்மையைச் சொல்ற ஆளைக் காட்டு என்று கேட்டிருந்தேன். பொழுது சாய்வதற்குள் அம்மன் காட்டிவிட்டாள், அதுவும் என் வீட்டு அடுப்படியிலேயே. அவள் காலடியில் நடந்த தில்லுமுல்லையே வைத்துக் காட்டினாள். பூ தானாக வந்ததா, மனிதர் வைத்ததா என்று நீங்கள் வாதாடலாம். கூடையில் அந்தப் பொட்டலம் பிரியாமல் எனக்காகக் கிடந்ததை நான் அவள் செயல் என்றுதான் நம்புகிறேன்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் முன்வாசல் வழியாகவே போனோம். சராசரி கணக்கை நேருக்கு நேர் கேட்டேன். இன்சர்ட் கதையையும் சொன்னேன். டாக்டரம்மா தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார்.

"முருகேசன் அவ்ரே, அந்தக் கணக்கு நடுவுல நிக்கிற ஆளோடது. பாதி பேர் அதுக்கு முன்னாடி போயிடறாங்க, பாதி பேர் தாண்டிப் போறாங்க. தாண்டினவங்க எவ்ளோ தூரம் போவாங்கன்னு எனக்கு முழுசாத் தெரியாது. ஏன்னா அவங்கள்ல நிறைய பேர் இன்னும் நடந்துட்டேதான் இருக்காங்க."

எனக்குச் சட்டென்று விளங்கியது. நாங்கள் தூக்கிப் போட்ட இன்சர்ட்டுகளில் பாதி இன்னும் வெட்டக்கூடியவை. ஒவ்வொன்றையும் சோதிக்க நேரமில்லாமல்தான் மொத்தமாகக் கழித்தோம். உத்தரவாதம் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். எதையும் மறைக்காத அந்த ஒரு வார்த்தைக்காகவே கையெழுத்துப் போட்டேன்.

சித்திரையில் சேர்ந்தேன். செலவு நடந்த விதம் தனிக் கதை, கம்பெனியில் எல்லோரும் கை கொடுத்தார்கள். என் அணுக்கள் பையில் வந்தபோது, அது என்னுடையதுதானா என்று கேட்டு, பையில் இருந்த எண்ணை ஃபைலோடு ஒத்துப் பார்த்த பிறகே ஏற்றவிட்டேன். நர்ஸ் சிரித்தார். பதினெட்டு நாள் எச்சில் விழுங்க முடியவில்லை. வாய் திறந்து சாமி பேர் சொல்லக்கூட முடியாது, மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். சரோஜா கண்ணாடிக்கு வெளியே நின்று அன்றைய ரத்த எண்ணிக்கையைத் தாளில் பெரிதாக எழுதிக் காட்டுவாள். ஏறினால் ஏறியதைக் காட்டுவாள், இறங்கினால் இறங்கியதையும் காட்டுவாள்.

பக்கத்து அறையில் தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்து விவசாயி நஞ்சப்பா இருந்தார். எனக்கு வந்த அதே நோய், அதே சிகிச்சை. இரண்டு வருடமாக யானை தின்றது போக மிச்சமான ராகியைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன், இதற்கெல்லாம் பயப்படுவேனா என்பார். என்னைவிடப் பக்தி உள்ளவர். 2005-இல் அவருக்கு நோய் திரும்பியது. அந்த மார்கழியில் இறந்துபோனார். அம்மன் என்னை வைத்துக்கொண்டு அவரை ஏன் விட்டாள் என்று யாராவது காரணம் சொன்னால், அவரையும் நான் சந்தேகப்படுவேன். எனக்குத் தெரியாது. இன்றும் அவரை நினைத்தால் துக்கமாக இருக்கிறது.

இப்போது 2009. திரைக்குப் பின்னால் கேட்ட அந்த எண்ணை எப்போதோ தாண்டிவிட்டேன். மாத்திரையால் கால் விரல்கள் மட்டும் மரத்திருக்கின்றன. வேலையில் இருக்கிறேன், மகள் கல்யாணத்தைப் பார்த்தேன். இந்த வருடங்களுக்காக மருந்து கண்டுபிடித்தவர்களுக்கும், டாக்டரம்மாவுக்கும், இவர்களையெல்லாம் எனக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திய தாய்க்கும் நன்றி சொல்கிறேன். மாறியது என்ன என்று கேட்டால், வீட்டில் வேவு பார்ப்பதை விட்டுவிட்டேன். கம்பெனியிலும் ஆஸ்பத்திரியிலும் விடவில்லை.

போன மாதம் மூன்று மாதப் பரிசோதனை முடிவை வாங்க சரோஜாதான் போனாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலில் நின்று சொன்னாள்.

"ஏங்க, அந்தப் புரதம் திரும்பக் கொஞ்சம் ஏறியிருக்கு."

எவ்வளவு என்று கேட்டேன், சொன்னாள். டாக்டரம்மாவிடம் போனில் பேசிவிட்டதாகவும், நாம் முதலில் போனபோது இல்லாத புது மருந்துகள் இப்போது வந்திருப்பதாகவும், அவை எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்காது என்றும் சொன்னாள். பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் முகத்தில் வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று நான் தேடவில்லை.

வரும் செவ்வாய்க்கிழமை பெங்களூர் போகிறோம், எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு நோய் வந்து உட்கார்ந்து, நீங்கள் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டிருந்தால், வைத்தியத்தை நிறுத்தாமல், இரண்டு பேரும் சேர்ந்து நம் தாயிடம் வாருங்கள். சந்தேகத்தோடு வந்தாலும் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், அதற்கு நானே சாட்சி. ரிப்போர்ட் தாள் சரோஜாவின் பையில்தான் இருக்கிறது. அதைக் காட்டு என்று நான் இன்னும் கேட்கவில்லை.