கீழ்த்தோட்டம் சொன்ன விலை

தேவநேசன் மலையேறி வந்தபோது அவர் கையில் இருந்தது ஒரு கம்பளி மட்டும். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. எஸ்டேட்டில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய கூலியைச் சேர்த்து, கட்டபெட்டுக்குக் கீழே ஒருவரும் சீந்தாத சரிவை வாங்கினார். படிப்படியாக வெட்டித் திருத்தி கேரட் போட்டார். இன்று மேட்டுப்பாளையம் மண்டியில் அவர் மூட்டை இறங்கினால் ஏலம் விடுகிறவன் குரலே மாறும். இதை அவரே சொல்வார், யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார். அத்தனையும் உண்மை.

அந்த வாய்தான் போன கோடையில் அவரை மாட்டிவிட்டது.

குன்னூர் விடுதிகளுக்கு லாரியில் தண்ணீர் விற்கும் ஜெகதீசன் டீக்கடைக்கு வந்திருந்தான். "லோடுக்கு முந்நூறு தர்றனுங்க. உங்க ஓடையில பம்பு போட்டுக்கறேன்."

"தேவநேசன் தண்ணிக்கு முந்நூறா? ரெண்டாயிரம் வெய்யி, பாக்கலாம்!"

கடையே சிரித்தது. மறுநாள் விடிந்ததும் ஜெகதீசன் பணத்தோடும் குழாயோடும் தோட்டத்தில் நின்றான்.

"ரிசார்ட்காரங்க எவ்வளவானாலும் தர்றாங்களாம். நீங்க சொன்ன வாய் மாறாதவருன்னு ஊரே சொல்லுதுங்க."

மனைவி கெஸியா களை பறித்தபடியே, "பெரிய விலை சொன்னீங்கல்ல, இப்ப வாங்கிக்கங்க!" என்றாள்.

தேவநேசன் ஓடையைப் பார்த்தார். சொன்ன சொல் தவறினால் அவர் கட்டியெழுப்பிய பெயர் போச்சு. லாரி ஓடையை உறிஞ்சினால் கீழ்த்தோட்டத்துப் பொன்னாயி அப்போதுதான் நட்ட உருளைக்கிழங்கு போச்சு.

அந்த ஓடையில் ஒரு வழக்கம் உண்டு. மோட்டார் இறக்குகிறவன் முதலில் கீழ்த்தோட்டத்துக்காரரிடம் சம்மதம் கேட்க வேண்டும். மேலே பாய்ச்சும் தண்ணீர் மண்ணில் ஊறி மறுபடி ஓடைக்கே வரும், அது கீழே உள்ளவர் பங்கு. முதல் மோட்டார் வாங்கிய அன்று தேவநேசனும் பனிக்குல்லாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பொன்னாயி வாசலில் நின்றவர்தான். வேறு எவர் வாசலிலும் அந்தக் குல்லாய் கழன்றதில்லை.

"தம்பி, ரெண்டாயிரம்னு சொன்னேன், இப்பவும் அதேதான்," என்றார் நிமிர்ந்து. "ஆனா அது என் பங்குக்கு. என் கேரட்டு குடிச்சது போக மிச்சம் அந்தம்மாவோடது. அவங்க விலையையும் கேட்டுட்டு வா."

இருவரும் இறங்கிப் போனார்கள். ஜெகதீசன் பணத்தைக் காட்டினான். பொன்னாயி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"எம்பட விலையா? காலையில எடுக்கற தண்ணிய சாயங்காலம் இங்கயே கொண்டாந்து ஊத்திப்போடு. போதும்."

"விடுதியில குளிச்சுட்ட தண்ணிய எப்படீங்கம்மா கொண்டாரது?"

"தேவநேசண்ணன் எடுத்தா திரும்பி வருதே! உன்னால முடியாதா?"

ஜெகதீசன் குழாயைச் சுருட்டினான். "இன்னிக்கு நான் போறனுங்க. நாளைக்குப் பெரிய கம்பெனி வரும். அப்ப என்ன பண்ணுவீங்க?"

"வரட்டும்," என்றார் தேவநேசன். "பொன்னாயிக்குக் கீழயும் ஆத்து வரைக்கும் தோட்டந்தான். ஒவ்வொரு வாசலாக் கேட்டுக்கிட்டே இறங்கச் சொல்லு. குல்லாயைக் கழட்டிட்டுக் கேக்கச் சொல்லு!"

மேலே ஏறியதும் தேவநேசன் மோட்டாரைத் தட்டினார். ஸ்பிரிங்க்ளர் சுற்றியது. லாரிக்கு நடந்துகொண்டிருந்த ஜெகதீசன் சட்டையையும் நனைத்துவிட்டுத்தான் அது கேரட்டுப் பக்கம் திரும்பியது.