லிஃப்ட் பேய் ஏன் ஓனரைத் தொடுவதில்லை?

இன்று பின்னேரம் வெள்ளவத்தை மார்க்கெட் வாசலில், கையில் இரண்டு கட்டு வல்லாரையோடு நின்றது யார் தெரியுமா? மிதுனா! ‘லிஃப்ட் வேலை செய்யாது’ என்ற பேய்க் காமிக்ஸைப் பேஸ்புக்கில் கீறும் அதே மிதுனா! ஒன்பதாயிரம் பேர் வாசிக்கிறார்கள். மரக்கறிக்காரர் வாசிப்பதில்லை போலும், வாடல் கட்டாகப் பார்த்துக் கொடுத்திருந்தார். கடைசி அத்தியாயம் பிறந்த கதையை மிதுனாவின் வாயாலேயே கேட்கக் கிடைத்தது.

மிதுனாவுக்குப் பகலில் ஹெவ்லொக் டவுனில் ஒரு கட்டடக் கம்பனியில் பிளான் கீறும் வேலை. அதனால்தான் அவருடைய காமிக்ஸில் படிகளும் கதவுகளும் அளவு பிசகாமல் இருக்கும். காமிக்ஸைக் கீறுவது மட்டும் போய்வரும் பஸ்ஸில், போனில். கதை இவ்வளவுதான்: ஒரு மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் பழுது. அதற்குள்ளே ஒரு பெண்பேய். படியில் தனியே ஏறுகிறவர், மீட்டர் பார்க்க வருகிறவர், தபால்காரர், எல்லாரையும் பிடித்து உள்ளே இழுக்கும். ஓனரை மட்டும் தொடாது. அவர் லிஃப்ட் கதவில் சாய்ந்து நின்று பேப்பர் வாசித்தாலும் தொடாது.

ஏன்? இந்த ஒரு கேள்வியில் ரசிகர் குழு இரண்டுபட்டுப் போயிருந்தது. கொட்டாஞ்சேனை மெல்ரோய் பதினொரு படங்களில் சிவப்பு வட்டம் போட்டு நிறுவினார்: ஓனருக்கு நிழலே இல்லை, ஆகவே அவரும் செத்தவர். உண்மையில் பஸ் குலுக்கலில் நிழல் போட மிதுனாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. நிருஷா என்ற மாணவியோ, ஓனர்தான் பேயின் தகப்பன் என்றார். இருவருக்கும் ஒரே மூக்காம். மிதுனாவுக்கு ஒரு மூக்குத்தான் கீறத் தெரியும். ஆனாலும் இதையெல்லாம் வாசிக்கும்போது, தான் இவ்வளவு ஆழமாக யோசித்திருக்கிறோமே என்று அவருக்கே ஒரு பெருமை வரும்.

மெய்யான காரணம் வெளியே சொல்லக்கூடியதாக இல்லை. பயம். மிதுனாவும் அம்மாவும் வாடகைக்கு இருப்பது ஐந்தாம் மாடியில். அங்கே போகும் லிஃப்ட் எட்டு மாதமாகப் பழுது. கீழ்வீட்டில் இருக்கும் ஓனர் ஸ்ரீஸ்கந்தராசா அதைத் திருத்துகிற எண்ணத்திலேயே இல்லை. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் பேய்; முதல் அத்தியாயத்திலேயே ஓனரை விழுங்கத்தான் வந்தது. ஆனால் வருடா வருடம் வாடகை எக்ரிமென்ட் புதுப்பிக்க வேண்டுமே! இரண்டு பெண்கள் தனியே இருக்க வெள்ளவத்தையில் வீடு கேட்டுத் திரிவதைவிடப் பேயோடு இருந்துவிடலாம். ஆகவே பேய்க்கு அடக்கம் வந்தது. நிஜ ஓனருக்கு மீசை இல்லை என்பதால் கதை ஓனருக்கு ஒரு மீசையும் வந்தது. இருவர் இடுப்பிலும் தொங்கும் சாவிக்கொத்தை மட்டும் மறைக்க மிதுனா மறந்துபோனார்.

இந்த நிலைமையில், “காரணம் கடைசி அத்தியாயத்தில், வரும் சனிக்கிழமை” என்று உற்சாகத்தில் அறிவித்தும் விட்டார். மறுநாள் ஞாயிறு எக்ரிமென்ட்.

அந்த வாரம் ‘நடுநிலையாளன்’ என்ற பெயரில் குழுவுக்குள் ஒருவர் புதிதாக வந்தார். “பேய் அவரைத் தொடாததன் காரணம், அக்கட்டடத்தில் நல்ல மனிதர் அவர் ஒருவரே. தயவுடன் கவனத்திற் கொள்க.”

கடைசி வரியை மிதுனா இரண்டாம் தரமும் வாசித்தார். மாடிப்படியில் ஓனர் ஒட்டியிருக்கும் அறிவித்தல்கள் எல்லாம் அப்படித்தான் முடியும்: படியில் சைக்கிள் வைக்க வேண்டாம், தயவுடன் கவனத்திற் கொள்க.

“அண்ணே, லிஃப்ட சரி பண்ணாதவன் நல்லவனா?” என்று மெல்ரோய் கேட்க, நூற்றெண்பது பேர் சிரித்தார்கள். நடுநிலையாளன் அசரவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய உதிரிப்பாகங்கள், மோட்டரின் வயது, குடியிருப்பாளரின் நன்றியின்மை என்று தனியொருவராக நின்று பதில் எழுதினார். கதையில் எங்குமே வராத மோட்டரின் வயது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஸ்ரீஸ்கந்தராசா ஐந்து மாடியும் ஏறி, மூச்சு வாங்க வாங்கக் கதவைத் தட்டினார்.

“பிள்ளை, ஒரு விசயம் கதைக்க வந்தனான். உம்மட பேய்க்கதை...”

“அது சும்மா கற்பனை அங்கிள்.”

“ஓம் ஓம். என்ர சிநேகிதர் ஒராள் வாசிக்கிறவர். அவருக்குத்தான் நித்திரையில்லை. அந்த ஓனர் நல்லவரோ, கெட்டவரோ?”

“நாளைக்கு வரும் அங்கிள்.”

“எக்ரிமென்ட் நாளையிண்டைக்கு, ஞாயிறு என்ன?”

“ஓம்.”

“அப்ப சிநேகிதர் முதல் வாசிக்கட்டும். பிறகு கையெழுத்து வைப்பம்.”

கதவு சாத்தியதும் அம்மா தொடங்கினார். “பேயைக் கீறிக் கீறி என்னை நடுறோட்டில விடப்போறாய். அந்த மனுசனை நல்லவர் எண்டு கீறிவிடன், முடிஞ்சுது!”

“அப்ப என்ர பேய்க்கு ஒரு மரியாதை இல்லையோ?”

“பேய்க்கு மரியாதை! உனக்கு வீடு பேய் தருமோ?”

நல்லவர் என்றால் ஒன்பதாயிரம் பேர் காறித் துப்புவார்கள். கெட்டவர் என்றால் வீடு போகும். சனிக்கிழமை காலை மிதுனா கீழே இறங்கி, முதற்படியில் குந்தியிருந்து, பழுதான லிஃப்டைப் பார்த்தபடியே கீறினார். கடைசிக் கட்டத்தில் பேய் வாய் திறக்கிறது: “இவரைப் பிடித்தால் வேறொரு ஓனர் வருவான். வருகிறவன் லிஃப்டைத் திருத்திவிடுவான். பிறகு நான் எங்கே போய்க் குடியிருப்பேன்?”

கீறி முடித்த பிறகுதான், இத்தனை நாளும் பேயும் தன்னைப்போலவே வீடு போய்விடும் என்ற பயத்தில்தான் ஓனரைத் தொடாமல் இருந்திருக்கிறது என்று மிதுனாவுக்கு விளங்கியது. படியிலேயே இருந்து அழுதாராம்! அந்த அத்தியாயத்தை வாசித்தபோது நாங்கள் எத்தனை பேர் அழுதோம் என்று அவருக்குத் தெரியாது.

குழு இரண்டு நாள் கொதித்தது. “வரைஞ்சவங்களுக்கே பேயோட மனசு புரியல்ல” என்று மெல்ரோய் எழுதியதற்கு அறுநூறு லைக். நடுநிலையாளன் மட்டும் வெற்றிக்களிப்பில் இருந்தார்: “பேய்க்கே அடைக்கலம் கொடுத்த மனிதர். நான் கூறியது நிரூபணமாயிற்று.”

ஞாயிறு ஸ்ரீஸ்கந்தராசா கதிரையில் இருக்க முன்னமே கையெழுத்தை வைத்துவிட்டார். “பிள்ளை, சிநேகிதர் கண்கலங்கிப் போனார்.”

“அப்ப லிஃப்ட்?” என்று அம்மா கேட்டார்.

“லிஃப்டோ? இனி அதில கை வைப்பனோ தங்கச்சி? பாவம், அது எங்க போகும்?”

லிஃப்ட் கதவில் இப்போது பேயின் படம் தொங்குகிறது. ஓனரே சட்டம் போட்டு மாட்டியது. வெள்ளவத்தைப் பக்கம் போனால் கட்டாயம் பாருங்கள். லிஃப்ட் பேய் வீடு என்றால் த்ரீவீல்காரர் கொண்டுபோய் விடுவார். படம் எடுத்த கையோடு திரும்பிவிடாமல், ஐந்தாம் மாடிவரை ஏறி மிதுனாவிடம் இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு வாருங்கள். ஏற முன்னர் கீழே நின்று, அம்மாவுக்குக் கடையில் ஏதும் வாங்க வேண்டுமா என்று ஒருதரம் கேளுங்கள். போக முடியாதவர்கள் இதை நாலு பேருக்கு அனுப்பிவிடுங்கள், மெல்ரோய் உட்பட.