நான்கு விரல் உயரம்

திருச்செங்கோட்டில் பொறியியல் படித்தபோது எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு ஆட்டக் கணக்கு எழுதியவள் நான். இறுதி ஆட்டத்துக்கு முன் கோச் கேட்டார்: "நெட்டையனுங்க ரெண்டு பேருல யாரைச் சாமி மொதல்ல எறக்கறது?"

இருவருமே வளையத்தடியில் பந்தை வாங்கிக் கூடைக்குள் முடிப்பவர்கள். என் பயிற்சி அட்டவணைப்படி கோழிப்பண்ணை வீட்டுப் பையன் பத்துக்கு ஏழு போட்டிருந்தான். லாரிப் பட்டறைக்காரர் மகன் ஐந்துதான். நான் அதைப் படித்துச் சொன்னதும் பட்டறைக்காரன் முகம் வாடிவிட்டது. அவனுக்கு அது கடைசி வருடம்.

ஆனால் அவன் தவறவிட்ட பந்துகள் பெரும்பாலும் வளையத்தின் முன்விளிம்பில் பட்டவை என்றும் நான் குறித்திருந்தேன். பயிற்சியில் நாங்கள் பக்கம் மாறுவதில்லை. அவன் எப்போதும் விடுதிப் பக்க வளையத்தில்தான் போடுவான். ஏணி போட்டு ஏறி டேப் பிடித்துப் பார்த்தேன். அந்த வளையம் மற்றதைவிட நான்கு விரல் உயரமாக இருந்தது.

"அந்தக் கம்பம் எங்கப்பா பட்டறையில வெல்டு வெச்சுக் குடுத்ததுங்க," என்றான் பட்டறைக்காரன் மெதுவாக.

"உங்கப்பா லாரிக்குப் பாடி கட்டற நெனப்புலயே இருந்திருக்காருடா!" என்று பண்ணைக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அன்று மாலை இருவரையும் சரியான வளையத்திலேயே போடவிட்டோம். பண்ணைக்காரனுக்கு அதே ஏழு. பட்டறைக்காரனுக்கு எட்டு.

"நீயே எறங்கு சாமி," என்றார் கோச்.

அவன் துள்ளிக் குதித்துவிட்டு என்னிடம் வந்தான். "அப்பா ஆட்டம் பாக்க வாராருங்க. கம்பத்தப் பத்தி மட்டும் மூச்சு உட்றாதீங்க."